அக்கரைக் கிளைகளை நம்பாதே

அன்பு மகன் எமெல்யானுக்கு, தீவிலிருந்து உன் அம்மா. இங்கே மூவரும் சுகம், மூர்மான்ஸ்க் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். (அண்ணா, அம்மாவுக்குக் கை சுளுக்கு, அதனால் அவள் சொல்லச் சொல்ல உன் தங்கை அகாஃபியா எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் மறைக்க மாட்டேன்.)

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வராதே கண்ணா. படகு ஓட இன்னும் மூன்று வாரமாகும், நீ வழக்கம்போல உறைந்த ஏரிமேல் நடந்து வந்துவிடுவாய். உன் அப்பா பனிக்கட்டியில் துளை போட்டுக் கனத்தை அளந்துவிட்டு, "நாப்பது சென்டிமீட்டர் இருக்குடி, குதிரையே நடக்கும்" என்று சிரிக்கிறார். குதிரை நடக்கட்டும், நான் பெத்தது நடக்க வேணாம் என்றேன். ஜனவரியில் கறுத்த கண்ணாடி போலிருந்த பனிக்கட்டி, நாலு விரல் கனத்திலேயே ஆளைத் தாங்கியது. இப்போது வெயில் உள்ளே இறங்கி நெடுக்குவாட்டில் பிளந்திருக்கிறது, பார்த்தால் முழுசு, கடப்பாரையால் குத்தினால் மெழுகுவர்த்திக் கட்டு அவிழ்ந்த மாதிரி குச்சி குச்சியாகச் சரிகிறது. அளவுகோலுக்கு இது தெரியாது. வெங்காயம் ஒரு மூட்டை அனுப்புகிறேன், ஈரத்தில் வைக்காதே.

(அண்ணா, "எழுதாதடி" என்று அம்மா சொன்னதை எழுதுகிறேன். கை சுளுக்கு இல்லை. பனிப்பாதையைக் காட்ட நட்டிருக்கும் கிளைகளைப் பிடுங்கிவிட்டால் நீ வர மாட்டாய் என்று நேற்று மத்தியானம் தனியாக ஏரிக்குப் போனாள். முப்பத்தொன்றைப் பிடுங்கினாள். அடுத்ததற்குக் கை நீட்டும்போது இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். முழங்கையை ஊன்றி ஏறி, வயிற்றால் ஊர்ந்து கரை சேர்ந்தாள். மணிக்கட்டு முறிந்திருக்கிறது. வாசலில் சொட்டச் சொட்ட நின்று, "பாத்துக்கய்யா, உன் நாப்பது சென்டிமீட்டர்" என்றாள். அப்பா சிரிக்கவில்லை.)

என்னடி இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சரி, இருக்கட்டும். அப்படியானால் மிச்சத்தையும் தெரிந்துகொள். நான் பிடுங்கியது நம் பக்கத்துக் கிளைகளை மட்டும்தான். நீ வந்து நிற்கப்போகும் அக்கரையில் அவை வரிசையாக அப்படியே நிற்கின்றன, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி. நம்பாதே. தபால் ஹெலிகாப்டர் நாளைக்குத்தான் வருகிறது, இது உன் கைக்குக் கிடைப்பதற்குள் நீ கிளம்பிவிடுவாயோ என்றுதான் பயம். கிடைத்த உடனே தந்தி அடி. ஆண்டவர் உன் கால்களைத் தரையிலேயே வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
எவ்தோக்கியா

(அண்ணா, ஒன்று விட்டுப்போயிற்று. ஏரியைக் கடப்பவர்களுக்கு வழி தெரியத் துறையில் மாலைதோறும் எரியும் விளக்குகளை, இன்று அப்பாவே போய் அணைத்துவிட்டு வந்தார்.)