ஜப்பான்காரியின் கழுத்து

ஜூன் 4

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், நலமில்லை என்று எழுதினால் பதில் போட மாட்டீர்கள். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பேசினால் குசலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள். சொன்னவர் எழுதக் காணோம். கேட்டுக்கொண்டவள் எழுதுகிறேன்.

புது ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்ட், மாட்டிக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடுவேன் என்று ஏப்ரல் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். ஆஸ்பத்திரிக்கு எத்தனை மாடி என்று கடையில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். வானத்தைத் தொடுகிற ஆஸ்பத்திரி போலிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இங்கே கூடத்துச் சுவரில் ஈரம் இறங்குகிறது. மாடி வீட்டுக் குழாய்தான். போய்ச் சொன்னால் அந்த அம்மா, "எங்க குழாயெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு, உங்க சுவருதான் சரியில்ல" என்கிறாள். ஜப்பான்காரி மாட்டியிருந்த ஆணிவரை கறை வந்துவிட்டது. அதனால் அவளை இறக்கிக் கட்டிலில், உங்கள் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறேன். சக்களத்திக்கு மெத்தையில் இடம் கொடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் குறட்டை விடுவதில்லை. அந்த மட்டும் லாபம்.

துடைக்கும்போது அவளை வாங்கின நாள் ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டி வாங்கத்தானே அந்தப் பழைய சாமான் கடைக்கு உங்களை இழுத்துக்கொண்டு போனேன்? ஓடாத ஃபேன்களுக்கு நடுவில் ஒற்றைக் கிட்டாராக அவள் நின்றாள். தலையில் பேர் எழுதுகிற இடத்தில் பேர் இல்லை. முதுகுப் பக்கம், கழுத்தும் உடம்பும் சேருகிற தகட்டில் 'ஜப்பானில் செய்தது' என்று மட்டும் இருந்தது. கடைக்காரர் கைக்கடிகாரம் விற்கிற மாதிரி, "ஜப்பான் சாமான் சார், உழைக்கும்" என்றார். பஸ் முழுக்க அவளை நீங்கள் கட்டிக்கொண்டு வந்தீர்கள், உங்கள் பையை நான் கட்டிக்கொண்டு வந்தேன். துணியெல்லாம் சுருக்கத்தோடேயே உடுத்தினோம் அந்த வருஷம். எனக்கு அப்போது கோபமே வரவில்லை என்பதை நினைத்தால் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

கடையில் லென்ஸ் தேய்க்கப் புது மெஷின் வந்திருக்கிறது. சத்தமே இல்லை. வீடும் கடையும் ஒன்றாகிவிட்டது.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 17

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

லிஃப்ட் ஓடுகிற தண்டவாளங்கள் வளைந்து வந்து சேர்ந்தன. திருப்பி அனுப்பி, வேறு வரவழைத்து, இப்போதுதான் ஒரு குழியில் இறக்கியிருக்கிறோம். இன்னும் பதினைந்து நாளில் முடிந்துவிடும் என்று எஞ்சினியர் சொல்கிறார். எஞ்சினியர் சொல்வதை நான் சொல்கிறேன்.

கிட்டாரைக் கட்டிலில் வைத்தது சரி. ஈரத்துணியால் மட்டும் துடைத்துவிடாதே. அவள் உடம்பு முழு மரம் இல்லை, பிளைவுட். தண்ணீர் பட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்.

இங்கே ஒரு வேடிக்கை. கட்டட வாசலில் ராத்திரிக் காவலுக்கு வயசான செக்யூரிட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடமும் ஒரு ஜப்பான் கிட்டார்! அதே மாதிரி தகடு, அதே மாதிரி பேரில்லாத தலை. அன்று ராத்திரி முழுக்க நாங்கள் இருவரும் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்குக் காத்திருக்கிற அம்மாக்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். உன்னுடையதற்கு என்ன கோளாறு, என்னுடையதற்கு என்ன கோளாறு என்று. விலை உயர்ந்த கிட்டாரை யார் மடியில் வைத்தாலும் பாடும். இதெல்லாம் அப்படி இல்லை. மூன்றாவது கம்பியை ஒரு முடி அளவு கூட்டி வைத்தால்தான் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிச் சுருதியில் நிற்கும் என்பது, கூட இருந்தவனுக்குத்தானே தெரியும்?

ஆனால் அவருடைய கிட்டாரைக் கையில் வாங்கியதும் மனசு விட்டுப்போனது. கழுத்து வில்லாக வளைந்திருக்கிறது. இரண்டு வருஷம் பரணில் போட்டிருந்தாராம், கம்பிகளை முறுக்கினபடியே! "ஏங்க, வாசிக்கிற கிட்டாருக்கு ஒண்ணும் ஆகாது, சும்மா கெடக்கிறதுதான் வளையும். மாசக்கணக்குல விட்டுட்டுப் போறவரு கம்பியத் தளர்த்திட்டில்ல போகணும்?" என்று கத்திவிட்டேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். நம்முடையதற்கு அந்தக் கவலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே.

உன் லிஃப்ட்


ஜூலை 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

பதினைந்து நாள் வந்துவிட்டுப் போய்விட்டது. எஞ்சினியரை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

செக்யூரிட்டி பாவம். வயசானவரைப் பார்த்துக் கத்தினதற்கு மன்னிப்புக் கேட்டீர்களா? அந்த விஷயத்தில் உங்களுக்குப் பழக்கம் போதாது.

இங்கே ஸ்கூல் மியூசிக் வாத்தியார் கண்ணாடி மாற்ற வந்தார். பேச்சுவாக்கில் நம் வீட்டு ஜப்பான்காரியைப் பற்றிச் சொன்னேன். மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எங்கிட்ட மூணு இருக்கும்மா. என் சம்சாரம் நாலாவது வந்தா அவங்க வெளிய போறதா சொல்லியிருக்காங்க. சும்மா பாத்துட்டு மட்டும் வந்துடறேன்" என்று கெஞ்சினார். ஞாயிற்றுக்கிழமை வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தகட்டைத் தடவிப் பார்த்தார். தடிமனான கழுத்தைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "உலக்கை மாதிரி இருக்குல்ல? இதான், இதான்" என்று அவர் சொன்னபோது அசல் உங்கள் குரல். எனக்கு அடுப்படியில் வேலை இருப்பது போல எழுந்து போய்விட்டேன்.

கொடுப்பீர்களா என்று கேட்டார். அவர் வந்து சொல்லட்டும் என்றேன்.

ஒரு சந்தேகம். மாசக்கணக்கில் போனால் தளர்த்த வேண்டும், சரி. ஒரு வாரம் வெளியூர் போகிறவர் என்ன செய்ய வேண்டும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நானும் இத்தனை வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன், ஒன்றும் தெரியாமலேயே இருந்துவிட்டேன்.

மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 25

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நீ இதையெல்லாம் கேட்கிறாய் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முன்பெல்லாம் நான் கிட்டாரை எடுத்தாலே நீ மிக்ஸியைப் போடுவாய்.

ஒரு வாரம், பத்து நாள் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். அப்படியே விட்டுவிட வேண்டும். சும்மா தளர்த்தி, சும்மா முறுக்கினால் கம்பிதான் அறுந்து போகும். விவரம் தெரிந்த யாரும் ஒரு வாரத்துக்காகக் கம்பியில் கை வைக்க மாட்டார்கள்.

முதல் லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. நானும் எஞ்சினியரும் மேலே போய்க் கீழே வந்தோம். ஆனால் கம்பெனிக்கு இங்கேயே இன்னொரு கட்டட வேலை கிடைத்திருக்கிறது. என்னைத்தான் இருக்கச் சொல்கிறார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. லாட்ஜ் வேண்டாம் என்று ஒரு அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், எட்டித் தொடலாம்.

வேலை முடிந்து வந்தால் பொழுது போகவில்லை. அடுத்த மாதம் பத்தாம் தேதிவாக்கில் கம்பெனி லாரி நம் பக்கம் வருகிறது. டிரைவர் நல்ல பையன். கிட்டாரைப் போர்வையில் சுற்றி அவனிடம் கொடுத்துவிட முடியுமா? என் குளிர் சட்டையும் பீரோ அடியில் இருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. வேலை முடிந்ததும் வந்துவிடுவேன்.

உன் லிஃப்ட்


ஆகஸ்ட் 8

அன்புள்ள உங்களுக்கு,

குளிர் சட்டையை லாரிக்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். தையல் விட்டிருந்த இடத்தைத் தைத்திருக்கிறேன். கிட்டாரைக் கொடுக்கவில்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்கள் போன அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்து, கூடத்தைப் பெருக்கும்போது எப்போதும் செய்வது போல ஜப்பான்காரியின் கம்பிகள் மேல் கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்தேன். உங்களை எரிச்சல் படுத்துவதற்காக நான் தினம் செய்கிற காரியம். நீங்கள் இல்லாத வீட்டிலும் கை தானாகச் செய்தது. சத்தமே வரவில்லை. ஆறு கம்பியும் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி தொய்ந்து கிடந்தன.

எனக்குக் கிட்டார் தெரியாதுதான். ஆனால் உங்களைத் தெரியும். உங்கள் அப்பாவுக்கு முடியாமல் நாம் இரண்டு மாதம் ஊருக்குப் போனபோது அப்படித்தான் செய்தீர்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, "தூங்கப் போடறீங்களா?" என்று கேலி செய்தவள் நான்.

நான் நினைத்தது தப்பாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். ஒரு வாரத்துக்கும் தளர்த்துவார்களோ, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று. அதனால்தான் கேட்டு எழுதினேன். நீங்கள் பதில் எழுதிவிட்டீர்கள், எவ்வளவு அக்கறையாக! என்னிடம் ஒரு வாரம் என்று பொய் சொல்ல முடிந்தவருக்கு அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. அதை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புதான் முதலில் வருகிறது.

ஒரு வருஷமாக நாம் பேசிக்கொண்டது கேஸ் தீர்ந்துவிட்டது, கதவைச் சாத்து, இதுதான். உங்களுக்கு வீட்டில் மூச்சு முட்டியது எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் முட்டியது. ஆனால் நான் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சண்டை போட்டாவது போயிருப்பேன்.

வாத்தியார் வந்த அன்று அவரையே கம்பிகளை முறுக்கி ஏற்றி வைக்கச் சொன்னேன். "யாரோ வெவரமானவருதாம்மா தளர்த்தியிருக்காரு, ஆறும் ஒரே அளவுக்கு எறங்கியிருக்கு" என்றார். என்னிடமே சொல்கிறார். மூன்றாவது கம்பி அவருக்கு நிற்கவே இல்லை. ஒரு முடி கூட்டி வையுங்கள், தானாக இறங்கும் என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க வாசிப்பீங்களாம்மா?" என்றார்.

"இல்ல சார், கூட இருந்தேன்" என்றேன்.

நீங்கள் திடீரென்று வந்து நின்றால் அவள் தயாராக இருக்கட்டும் என்றுதான் ஏற்றி வைத்தேன். ஆனால் கிட்டாரைக் கேட்டு எழுதினீர்கள். வா என்று என்னைக் கூப்பிடவில்லை, வருகிறேன் என்றும் தேதி எழுதவில்லை. ஒரு ஜன்னலும் ஒரு கிட்டாரும் இருந்தால் உங்களுக்குக் குடித்தனம் நிறைந்துவிடும் போலிருக்கிறது.

நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் ஊரிலும் கண்ணாடிக் கடை இருக்கிறது. விலாசம் உங்களுக்குத் தெரியும். சாவி கீழ் வீட்டில் இருக்கிறது. அவள் கட்டிலில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறாள். நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ் வீட்டில் ஒரு வாரம் என்று சொல்லியிருக்கிறேன். கம்பிகளை நானே தளர்த்தி வைத்திருக்கிறேன், ஆறையும் ஒரே அளவுக்கு.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி


ஆகஸ்ட் 23

அன்புள்ள கண்ணாடிக்கு,

வந்துவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "ஒரு வாரம்னுதான் சொன்னாங்க" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வேலையை விடுகிறேன் என்று எஞ்சினியரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதற்கு முன்பே செக்யூரிட்டியிடம், ஒரு வாரம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு வந்ததைச் சொன்னேன். "கம்பியத் தளர்த்திட்டு வந்துட்டீங்களா சார், அன்னிக்கே?" என்று கேட்டார்.

என்ன எழுதினாலும் சாக்காகத்தான் இருக்கும். உன்னோடு சண்டையும் போட முடியவில்லை, சமாதானமாகவும் முடியவில்லை. போகிறேன் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு வாரம் என்றேன். ஆணியிலிருந்து அவளை இறக்கிக் கம்பிச் சாவிகளைத் திருப்பினேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் முடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேனே தவிர, என்ன செய்கிறோம் என்று நினைக்கவில்லை.

இன்றைக்குக் கம்பிகளை ஏற்றிவிட்டேன். மூன்றாவதை ஒரு முடி கூட்டி வைத்தேன். இனி தளர்த்த மாட்டேன். ஒரு வாரம் என்று நீ சொன்னதை நான் ஒரு வாரம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாசிக்கவில்லை. நீ வந்து மிக்ஸியைப் போட்டால் வாசிக்கிறேன்.

உன் லிஃப்ட்


நவம்பர் 30

அன்புள்ள கண்ணாடிக்கு,

இது ஐந்தாவது கடிதம். முந்தினவை கிடைத்தன என்று அக்கா போனில் சொன்னார். "படிச்சாளா?" என்று கேட்டேன். "வாங்கி வெச்சுக்கிட்டா" என்றார்.

பக்கத்துத் தெருவில் பழைய லிஃப்டுகளைப் பராமரிக்கிற வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மாடி வீட்டு அம்மா கடைசியில் குழாயை மாற்றினாள், ஆனால் சுவர் இன்னும் காயவில்லை. மழையும் விடவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

வாத்தியார் வந்தார். அவளைக் கையில் எடுத்ததுமே பதறிவிட்டார். "என்ன சார் இது, இப்படி முறுக்கினபடியே போட்டுவெச்சிருக்கீங்க? கழுத்து வளைஞ்சுபோச்சே! தெரிஞ்ச நீங்களே இப்படிப் பண்ணலாமா? இப்பவாவது தளர்த்துங்க, கொஞ்சமாவது மிஞ்சும்" என்று திட்டினார். நான் செக்யூரிட்டியைத் திட்டினதைவிட அதிகமாகவே திட்டினார். அவரே கம்பிச் சாவியில் கை வைத்தார். வேண்டாம் சார் என்று வாங்கிக்கொண்டேன்.

நானும் பார்த்தேன். நடுக் கழுத்தில் கம்பி ஒரு விரல் தடிமனுக்கு மேலே எழும்பி நிற்கிறது. அழுத்தினாலும் இறங்காது. இனி அவள் பாட மாட்டாள்.

இன்னும் நான் தளர்த்தவில்லை. வருகிற தேதியை எழுதினால் ஸ்டேஷனுக்கு வருகிறேன். எழுதாமல் வந்தாலும் பரவாயில்லை, ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

உன் லிஃப்ட்