வலது பக்கம் மங்கல்

ஜூன் 2, ஞாயிறு

புதுக் கார்ட்ரிட்ஜ் முதன்முதலாக இசைத்தட்டில் இறங்கியபோது கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில் இவர், தரையில் நானும் மகளும், இவருக்கு வலப்பக்கம் சுவரில் சாய்ந்தபடி என் தம்பி. வேறு யாரும் இல்லை. மூன்று பேருக்குப் பிடித்திருந்தது. இவர் மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வலது பக்கம் மங்கலா இருக்கு" என்றார்.

(கார்ட்ரிட்ஜ் என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது. இனி ஊசி என்றே எழுதுகிறேன்.)

இது இரண்டாவது ஊசி. முதலாவது கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கியது. எங்கள் டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கை கனமான உலோகம். அந்த ஊசியோ பூனை மீசை மாதிரி மெத்தென்று இருந்தது. தட்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் போதும், கை முழுக்க ஊஞ்சல் ஆடியது. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கனமான கைக்கு விறைப்பான ஊசி, லேசான கைக்கு மெத்தென்ற ஊசி. அவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அந்த மனிதருக்கு நாற்பது பக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

"கல்யாணத்துக்குக்கூட மாமா இவ்வளவு பொருத்தம் பாக்கலியே அக்கா" என்றான் தம்பி.

"பாத்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவர் எதையும் கவனிக்காமல் ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 4, செவ்வாய்

காலை வேலை முடிந்ததும் மறுபடி ஊசியோடு உட்கார்ந்தேன். தட்டின் மேல் சின்னக் கண்ணாடியை வைத்து அதில் ஊசியை நிறுத்திப் பார்த்தால், ஊசியும் அதன் பிம்பமும் ஒரே நேர்க்கோடாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. எடை சரி. கோணம் சரி. எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்கிறது.

சாயங்காலம் இவர் வந்தார். கேட்டார். "இல்ல. வலது."

இவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பட்டறையில் இவருக்குப் பேரே 'காது'. வண்டி தெருமுனை திரும்பும்போதே எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மற்ற பட்டறைக்காரர்களே வண்டியை ஓட்டிவந்து இவரிடம் காட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்டவர் மங்கல் என்றால் மங்கல்தான். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை போல.

ஜூன் 8, சனி

கடைக்குப் போனேன். வாங்கிய பொருளைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று எப்படியோ சொல்லிவிட்டேன். இன்னும் விலை கூடின ஊசி வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருப்பதையும் சொன்னேன்.

கடைக்காரர் கோபப்படவில்லை, களைப்பாகப் பார்த்தார். "அம்மா, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாடி சிவப்பு, வெள்ளை ரெண்டு வயர் வருதுல்ல? மாத்திச் சொருகுங்க. மங்கல் இடது பக்கம் போச்சுன்னா ஊசியக் கொண்டாந்து என் மூஞ்சில விட்டெறிங்க. போகலன்னா என்னை விட்டுடுங்க."

ஜூன் 9, ஞாயிறு

இவர் குளிக்கப் போன நேரத்தில் மாற்றிச் சொருகினேன். சொல்லவில்லை. சொன்னால் மனம் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், காது பின்னால்தான் வரும்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "அதே கதைதான். வலது."

ஆக, ஊசி இல்லை. கடைக்காரர் பிழைத்தார். அப்படியென்றால் ஸ்பீக்கர்.

ஜூன் 10, திங்கள்

நானும் மகளும் சேர்ந்து இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் இடம் மாற்றினோம். எதற்கம்மா என்று கேட்டாள். துடைக்க என்றேன்.

சாயங்காலம் இவர்: "வலது."

ஜூன் 11, செவ்வாய்

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் தொடங்கினேன். பிறகு எழுந்து போய் அடுப்பைத் துடைத்தேன். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

ஊசி மாறியது. வயர் மாறியது. பெட்டி மாறியது. மதியம் இவருடைய நாற்காலியில் நானே உட்கார்ந்து கேட்டேன். மகளையும் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். இருவருக்கும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது; ஆம்ப்ளிஃபயரிலும் சுவரிலும் குற்றமில்லை. அந்த அறையில் இன்னும் மாறாதது எது?

எனக்குத் தெரியும். எழுத வரவில்லை.

ஜூன் 13, வியாழன்

போனை இவர் எப்போதிலிருந்து இடது காதில் வைக்கிறார்? வலது கையில் எடுத்து, முகத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டுபோய் இடது காதில் வைக்கிறார். இன்று பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காமலா இருந்தேன்? பார்த்திருப்பேன். கணக்கில் ஏற்றவில்லை.

மத்தியானம் தம்பி வந்தான். அவனும் அதே பட்டறைதான். சுற்றி வளைத்துப் பேசினான், தண்ணீர் கேட்டான், குடிக்கவில்லை. கடைசியில் சொன்னான். போன வாரம் ஒரு வண்டிக்கு முன்சக்கரம் இடது பேரிங் என்று இவர் சொல்லி, கழற்றி மாற்றி அனுப்பினார்களாம். மறுநாளே வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வந்திருக்கிறது. போனது வலது. இதற்கு முன்னால் இன்னொரு வண்டியிலும் அப்படியே. சத்தம் என்ன சத்தம் என்று இன்னமும் சரியாகத்தான் சொல்கிறாராம். எந்தப் பக்கம் என்பதுதான் தப்புகிறதாம்.

"பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க அக்கா. மாமா முன்னாடி இல்ல. ஆனா சிரிக்கிறாங்க. முதலாளி வேற பாத்துக்கிட்டு இருக்காரு. நீதான் எதாவது சொல்லணும்."

நான்தான் சொல்லணுமாம்.

அவன் போனதும் பக்கத்து வீட்டு நர்ஸிடம் யாருக்கோ என்பதுபோல் விசாரித்தேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டு காதும் சேந்து மங்குனா வயசுன்னு விட்டுடலாம். ஒரு பக்கம் மட்டும்னா விடக் கூடாது. அழுக்கா இருக்கலாம், நரம்பா இருக்கலாம், உள்ள ஏதாவது வளரலாம். காட்டினாத்தான் தெரியும்."

உள்ளே ஏதாவது வளரலாம். ஆண்டவனே.

ஜூன் 15, சனி

சொல்லிவிட்டேன். வயர் மாற்றியது, பெட்டி மாற்றியது, எல்லாம் இவரிடம் வரிசையாகச் சொன்னேன். வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை. தம்பியை மாட்டிவிடக் கூடாது. சொல்லும்போது என் குரல் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. வேறு குரலில் சொல்லியிருக்கலாம். எந்தக் குரலில்?

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"எனக்குத் தெரியாம சோதனை போட்டுப் பாத்தியா?"

"ஏங்க, சொல்லிட்டுப் பாத்தா..."

"இந்தக் காதுதான் இந்த வீட்டுக்குச் சோறு போடுது. இதப் போய் ரிப்பேருன்னு சொல்ற."

ரிப்பேர் என்று நான் சொல்லவே இல்லை. அந்த வார்த்தை இவருடையது.

ஜூன் 16, ஞாயிறு

இவர் என்னோடு பேசவில்லை. தட்டும் போடவில்லை.

ஜூன் 19, புதன்

மேசைமேல் ஒரு சின்ன டப்பா. இவர் நேராகக் கடைக்குப் போய் அந்த விலை கூடின ஊசியை வாங்கிவந்துவிட்டார். முனையில் வைரத்தை மிக மெல்லியதாகச் சீவி வைத்தது. விலை, சமையலறைக் கூரையைச் சரிசெய்ய ஒதுக்கியிருந்த பணத்தில் பாதிக்கு மேல். கணக்கில் எழுதும்போது எந்தத் தலைப்பின் கீழ் என்று யோசித்து, கடைசியில் 'கூரை' என்றே எழுதினேன். பொய்க் கணக்கு எழுதியது கிடையாது. ஆனால் இதற்கு வேறு என்ன பெயர் போட?

கோபத்தில் பொருத்தம் பார்க்காமல் வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். டப்பாவுக்குள் இருந்த தாளைப் படித்தேன். கனமான கைக்கு ஏற்ற விறைப்புதான். எப்போதோ நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டு மனதில் வைத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டு கடையில் தனியாக நின்று தேர்ந்தெடுத்திருக்கிறார்.

தாளை மடித்து மறுபடி டப்பாவுக்குள் வைத்தேன். மனிதர் இவ்வளவு கேட்டிருக்கிறார், இந்த ஒன்றைத்தான் கேட்க மாட்டேன் என்கிறார்.

ஜூன் 22, சனி

இதைப் பொருத்தாமல் ஒளித்து வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு தோன்றியது: இவரிடம் என்னால் வாதாட முடியாது. ஊசியை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி பொருத்த முடியும். நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். ஊசிக்குப் பின்னால் சேர்க்க நான்கு மெல்லிய கம்பிகள், நான்கு நிறம். நடுவில் ஒருமுறை நிறுத்தி, வாய்க்குள் பிரார்த்தனை சொல்லி, மறுபடி தொடங்கினேன். முடித்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் இவரே தட்டைப் போட்டார். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்; கதவு திறந்திருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். பிறகு எழுந்தார். நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கத்தியை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைப் பழையபடி திருப்பினார். மறுபடி முதுகு. இப்படித் திருப்பினால் எந்தப் பெட்டி எந்தக் காதுக்குப் போகும் என்று இவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது இவர் தொழில்.

தட்டு முடிந்து ஊசி நடுவில் உரசிக்கொண்டே இருந்தது. போய்த் தூக்கி வைத்தேன். இவருக்கு இடது பக்கமாக நின்றுகொண்டேன்.

"திரும்பி உக்காந்தா மத்தப் பெட்டி மங்குது" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "இந்த ஊசி நல்லா இருக்கு. இடது பக்கம் ரொம்ப நல்லா இருக்கு."

தட்டை எடுத்து உறைக்குள் போட்டேன்.

"பட்டறையில தெரியுமா?"

"தெரியும் போல."

தலையை ஆட்டினார். அப்புறம், "யார்கிட்ட காட்டணும்னு விசாரிச்சு வச்சிருப்பியே நீ" என்றார்.

வைத்திருக்கிறேன் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

காது மருத்துவருக்கு அனுப்பியது. இவரிடம் படித்துக் காட்டிய பிறகே அனுப்பினேன். தொழிலைப் பற்றி எழுதலாமா என்று கேட்டதற்கு, எழுது என்றார்.

"ஐயா, என் கணவருக்கு வலது காது சரியாகக் கேட்கவில்லை. இடது காது நன்றாக இருக்கிறது. எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. வீட்டில் இசைத்தட்டு கேட்கும்போது தெரியவந்தது. வலியோ சீழோ இல்லை. வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்வது அவருடைய தொழில். எந்த நாள், எந்த நேரம் கொடுத்தாலும் இருவரும் வருகிறோம். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."