அம்மா போடாத குளிசை

மார்ச் 11, செவ்வாய்.

கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடாத குணம் மரபணுவில் வருகிறதா என்று பார்க்க அம்மாவின் எச்சிலை எடுத்தார்கள். அவர்களோடு வந்த டொக்டர் சிங்களத்தில் கேட்டதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"உங்கப்பாவும் குளிசை போட மாட்டாரான்னு கேக்குறாரும்மா."

"ஆமாங்கய்யா, அவரும் இப்படித்தான்." நான் அதைச் சிங்களத்தில் சொல்ல, டொக்டர் திருப்தியாக எழுதிக்கொண்டார். பெரிய கண்டுபிடிப்பு!

அந்தக் குளிசை போட்டால் அடிக்கடி ஒண்ணுக்கு வரும். கொழுந்து பறிக்கிற மலையில் கக்கூஸ் இல்லை. கங்காணி பார்த்துக்கொண்டு நிற்க, எந்தப் பொம்பளை புதருக்குள் போவாள்? எச்சிலில் இது தெரியுமா?

வெளியே வந்ததும், "ஏம்மா சொல்லல?" என்றேன்.

"படிச்ச மனுசன்கிட்ட மூத்திரக் கதை பேசச் சொல்றியாடி?"

"அப்ப ராத்திரியில போடும்மா."

"போட்டுட்டு, லய வீட்டுக்குக் கீழ இருக்குற கக்கூசுக்குச் சிறுத்தையத் துணைக்குக் கூட்டிட்டுப் போகவா?" சிரித்தாள். சிரிக்கும்போதே பின்மண்டையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து லயத்து அக்காவும் இப்படித்தான் தலைவலி என்றாள். இப்போது ஒரு பக்கம் கை கால் விளங்காமல் கிடக்கிறாள்.

டொக்டரை இவ்வளவு திட்டுகிறேன். எனக்குக் காரணமும் தெரியும், சிங்களமும் தெரியும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றவள் நானும்தான்.