வீட்டைக் காட்டியது யார்?

மார்ச் 4, செவ்வாய். கிளேட்டன்

என் ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரம் மாதக் கடைசிக்குள் பேராசிரியருக்குப் போக வேண்டும். கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கொலைகளின் காரணங்கள்: வெள்ளைக்காரர் பறித்த காணி, சுதந்திரத்துக்குப் பின் அதைப் பங்கிட்ட விதம், தலைவர்கள் உசுப்பேற்றிவிட்ட வேலையில்லாத இளைஞர்கள். எல்லாம் அழகாகத்தான் வந்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

வஞ்சிருவைப் பேட்டி கண்டேன். கென்யாவின் எல்டோரெட்டில் அந்தக் கலவரத்தில் அவர்கள் வீடு எரிந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. இப்போது இங்கே பக்கத்தில் டான்டினோங்கில் ஆஸ்பத்திரித் தாதி. என் காரணங்களைப் பொறுமையாகக் கேட்டாள்.

"எரித்தவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. எங்கள் இனத்து ஆட்களின் மூன்று வீடுகள் மட்டும் எப்படித் தெரிந்தன? யாரோ காட்டியிருக்கிறார்கள். அதை எழுது. இல்லையென்றால் என் பேட்டியைப் போடாதே."

பிறகு என் ஊரைப் பற்றிக் கேட்டாள். தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை எங்கள் தமிழ்ப் போராளி இயக்கம் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றியதைச் சொன்னேன்.

"அவர்கள் வீடுகளை யார் காட்டினார்கள்?"

அப்பா அப்போது கிராம சேவகர். குடும்பப் பதிவு முழுக்க அவர் கையில். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 8, சனி

கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் இல்லை. அப்பா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டு பழைய பாட்டொன்றை முணுமுணுத்தார். எப்படிக் கேட்பது? சீ, நான் ஒரு கோழை.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஓம். இயக்கப் பெடியள் வந்து கேட்டவங்கள். வீடுகளை லிஸ்ட் எழுதிக் குடுத்தனான்."

"குடுக்காட்டி?"

"சும்மா விட்டிருப்பாங்களே, நிரூ?"

அப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவங்களுக்கு எங்கட பகுதியில ஏழு வீடுதான் தெரியும். வாடகைக்கு இருந்த ஒரு முஸ்லிம் ரீச்சற்ற வீட்டை நான்தான் சேர்த்தனான்."

"ஏனப்பா?!"

"லிஸ்ட் பிழையா இருக்கக்கூடாதெண்டு."

ஐயோ. வெறுப்பில்லை, பகையில்லை — லிஸ்ட் சரியா இருக்கவேணுமாம்! இதை நான் எந்தத் தலைப்புக்குக் கீழ எழுத? எழுதினா இந்த மனுசன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?

மார்ச் 28, வெள்ளி

அதிகாரத்தை அனுப்பிவிட்டேன். வஞ்சிருவின் பேட்டி அதில் இல்லை. மத்தியானம் அவளே அழைத்தாள்.

"அப்பாவிடம் கேட்டாயா?"

"கேட்டேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லையாம்."



"எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகளும் தன் அப்பாவைப் பற்றி இதையேதான் சொன்னாள்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.