மனமாற்றத்துக்கு ஒத்திகை

ஜூன் 12, திங்கள்

ஏழாம் வகுப்புக்கு இந்த வருஷத்திலிருந்து தத்துவம் சொல்லித்தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அறிவியல் டீச்சரான என் தலையில் கட்டிவிட்டார்கள். என் தகுதி: அந்தப் பீரியடில் சும்மா இருக்கிறேன். மூன்று வருஷமாகத் தற்காலிகம். மறுத்துப் பேசும் வசதியெல்லாம் நிரந்தர ஊழியர்களுக்குத்தான்.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். "சம்பளம் ஏறுமா?" என்றார். இல்லை என்றதும் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

ஜூன் 16, வெள்ளி

இரண்டு விதி போட்டேன். டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். 'மிஸ் சொன்னாங்க', 'அம்மா சொன்னாங்க' என்பதெல்லாம் காரணம் ஆகாது. இரண்டாவதைக் கேட்டதும் பாதி வகுப்பு ஊமையாகிவிட்டது.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் எதற்கெடுத்தாலும் "ஆனா மிஸ்..." என்று ஆரம்பிக்கிறாள். அவள் பெயரே 'ஆனா' ஆகிவிட்டது. அவளுக்கு அதில் பெருமை வேறு.

எல்லார் சட்டையிலும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கிறது. அறிவு ஒட்டியதா என்று துணி துவைக்கும்போதுதான் தெரியும்.

ஜூன் 30, வெள்ளி

கேள்வி: நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

'ஆனா' டஸ்டரை வாங்கினாள். "சொல்லலாம் மிஸ். ஆனா நமக்கு எதுவும் கிடைக்கக் கூடாது. கிடைச்சா அது வியாபாரம்."

அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன்.

மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. என் அறிவியல் பீரியடில் மணிக்கு முன்பே பை மாட்டிக்கொள்ளும் அதே கும்பல்.

ஜூலை 5, புதன்

அடுத்த புதன் நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு அம்மா இந்த வகுப்பைப் பார்க்க வருகிறார். அவருக்காக அன்றைக்கும் ஒரு பீரியட். அவருக்குப் பிடித்தால் என் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தலைமை ஆசிரியை இரண்டையும் ஒரே புன்னகையில் சொன்னார்.

அதோடு விட்டாரா? "ஒரு ஒத்திகை பார்த்துடுங்க. நாலு பேர் பொய் தப்புன்னு பேசட்டும். அந்த முன் பெஞ்சுப் பொண்ணு கடைசியில மனசு மாறி, 'பொய் சொல்லவே கூடாது, இப்பப் புரிஞ்சுது'ன்னு முடிக்கட்டும். பார்க்க நல்லாருக்கும்."

உண்மையைப் பற்றிய பாடத்துக்கு வசனம்.

நான் என்ன சொன்னேன்? "சரி மேடம்." இவள்தான் தத்துவ ஆசிரியை.

ஜூலை 7, வெள்ளி

நாலு பேரும் கிளி மாதிரி ஒப்பித்தார்கள். 'ஆனா' தன் முறை வந்ததும் டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டாள்.

"எனக்கு இன்னும் மனசு மாறலையே மிஸ்."

"எப்ப மாறும்?"

"யாராவது நல்ல காரணம் சொன்னா."

என்னிடம் இருந்த ஒரே காரணம் என் வேலை. அதைச் சொல்லாமல் ஒத்திகையை முடித்துக்கொண்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போச்சுன்னா போச்சு. நான் இருக்கேன்ல" என்றார். உடனே டிவி சத்தத்தைக் கூட்டினார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்கும்.

ஜூலை 10, திங்கள்

படிக்கட்டில் அவளை நிறுத்திச் சொன்னேன். "வசனம் வேண்டாம். உனக்கு என்ன தோணுதோ அதையே சொல்லு."

தலையாட்டினாள். நிம்மதியாகத்தான் இருக்கிறது. பழைய பயோடேட்டாவையும் தேடி எடுத்து வைத்தேன்.

ஜூலை 12, புதன்

அந்த அம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாலு கிளிகளும் பேசி முடித்தன. டஸ்டர் 'ஆனா'விடம் போனது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வேறு எந்தப் பள்ளியில் ஆள் எடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நான் இதுவரைக்கும் தப்பா நினைச்சிட்டிருந்தேன். யாருக்காகவும் பொய் சொல்லவே கூடாது. இப்பப் புரிஞ்சுது."

தயக்கமே இல்லை. அந்த அம்மா கைதட்டினார். தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் எழுதிய வசனத்துக்குத் தானே அழுவதற்கும் ஒரு மனசு வேண்டும்.

பிறகு தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அவளைப் பிடித்தேன். "எப்ப மனசு மாறிச்சு?"

"மாறலை மிஸ்." பாட்டிலை மூடினாள். "எச்.எம். மேடம் நேத்து கூப்பிட்டாங்க. நான் சொல்லலைன்னா உங்களுக்கு வேலை போயிடும்னாங்க. அதான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் கிடைக்கலையே. அப்ப சரிதானே?"

என்கிட்டயா கேக்கறே? எல்லாம் கிடைச்சது எனக்குத்தானே— ஒரு குழந்தையைத் தனியாக் கூப்பிட்டு— சே. எழுத வரலை.

ஜூலை 13

நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. "ஏறிடுச்சா?" என்றார் வீட்டுக்காரர். ஏறிவிட்டது.

ஜூலை 14, வெள்ளி

பார்க்க வந்தவர் போய்விட்டதால், இனி இந்தப் பீரியடில் கையெழுத்துப் பயிற்சி போதுமாம். நான் பலகையில் எழுதினேன்: 'மிஸ்ஸுக்காக ஒருத்தர் பொய் சொன்னார். அதனால் மிஸ்ஸுக்கு வேலை கிடைத்தது. மிஸ் சும்மா இருக்கலாமா?'

"இருக்கலாம் மிஸ்" என்றது மொத்த வகுப்பும், என் மேல் உள்ள பாசத்தில். 'ஆனா' மட்டும் டஸ்டரை என் கையில் கொடுத்தாள்.

"மேடம் சொன்னாங்கன்னு மட்டும் காரணம் சொல்லக் கூடாது மிஸ்."

அதற்குள் தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். பலகையைப் படித்தார். "பசங்களே இருக்கலாம்னு சொல்லிட்டாங்களே. அழிச்சிடுங்க."

டஸ்டர் என் கையில்தான் இருந்தது.

"ஆனா மேடம்..." என்று ஆரம்பித்தேன்.