சுன்னாகத்து வெயிலில் உங்கள் கம்பளி

அண்ணை,

நேற்று உங்கள் கம்பளியை வெயிலில் போட்டேன். சித்திரை வெயிலில், சுன்னாகத்தில், கொடியில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி தொங்கினால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு மாமி கிடுகு வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

"தம்பி, வீட்டிலை ஆருக்கும் குளிர் குலைப்பன் காய்ச்சலோ?"

"இல்லை மாமி. இது செத்துப்போன ஒராளின்ரை."

தலை உள்ளே போய்விட்டது. பொழுது படுவதற்குள் அந்தச் செய்தி சந்தையில் வெங்காயம் கட்டுபவர்கள் வரைக்கும் போயிருக்கும். போகட்டும். அந்த வேலையை அந்த மாமியைவிட நன்றாகச் செய்தவன் நான். அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கம்பளி சூடேறியதும் அதிலிருந்து ஒரு மணம் எழும்பியது. புளித்த உழுந்தின் மணம். எத்தனை தரம் தோய்த்திருப்பீர்கள், பதினேழு வருடமாகப் போகவில்லை. நான் அதை முகர்ந்துகொண்டு முற்றத்தில் நின்றேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த நாளிலிருந்து என்னைக் குடையும் கேள்வி மறுபடியும் வந்தது. உங்களுக்குத் தெரியுமா அண்ணை? தெரிந்துதான் இதை எனக்கு விட்டுவிட்டுப் போனீர்களா?

என்னை நுவரெலியாவுக்கு மாற்றியபோது எனக்கு இருபத்துமூன்று வயது. நானுஓயா ஸ்டேசனில் கோச்சியால் இறங்கி வாயைத் திறந்தேன். வாயிலிருந்து புகை வந்தது. சுருட்டைக் கையாலும் தொடாத சைவப்பிள்ளை நான். யாராவது பார்த்து வீட்டுக்கு எழுதிவிடுவார்களோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். கந்தோரிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்த மூத்த கிளாக்கர் நீங்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"மூச்சை விடும் தம்பி. இஞ்சை பொலிசுக்காரனுக்கும் உப்பிடித்தான் புகையும்."

அந்த ஊரில் எனக்கு எதன் மேலும் நம்பிக்கை வரவில்லை. வெயில் அடிக்கும், ஆனால் சுடாது. எங்கள் பக்கத்து வெயில் எவ்வளவு கொடுமையானாலும் நாணயமானது. அங்கே வெயிலுக்கும் பொய் சொல்லத் தெரிந்திருந்தது. தோய்த்த வேட்டி மூன்று நாளாகியும் காயவில்லை. யாரோ இரவில் நனைத்துவிடுகிறார்கள் என்று நினைத்தேன். தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாய் உறைந்தது. மார்கழியில் ஊரில் எண்ணெய் கொஞ்சம் மங்கியதைக் கண்டிருக்கிறேன், கல்லானதைக் கண்டதில்லை. கடைக்காரன் மாட்டுக்கொழுப்பைக் கலந்துவிட்டான் என்று போத்தலோடு சண்டைக்குப் போனேன். அவர் தன் கடையில் இருந்த அத்தனை போத்தலையும் வரிசையாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றிலிருந்தும் ஒரு துளி விழவில்லை. "அப்ப எல்லாத்திலையும் கலந்திருக்கிறியள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் என் சந்தேகம் எல்லாம் ஒன்றுதிரண்டது தோசையில்தான்.

நாங்கள் இருந்தது ஒட்டுக் குவாட்டர்ஸ். இரண்டு கதவு, நடுவில் பலகைச் சுவர், பின்னால் இருவருக்கும் பொதுவாக ஓர் ஆட்டுக்கல். சனிக்கிழமை மத்தியானம் நீங்களும் அரைப்பீர்கள், நானும் அரைப்பேன். ஒரே கடை உழுந்து, ஒரே கல், ஒரே குழாய்த் தண்ணீர். ஞாயிறு காலையில் என் மா வைத்தபடியே குளத்துச் சேறு மாதிரிக் கிடக்கும். உங்கள் வீட்டிலிருந்தோ எங்கள் ஊர்த் தோசையின் புளித்த வாசம் பலகைச் சுவரைத் தாண்டி வரும். பிறகு நீங்களே கூப்பிடுவீர்கள், "தில்லை, வாரும், சாப்பிடும்." போய் வயிறு நிறையத் தின்பேன். தின்றுகொண்டே யோசிப்பேன். மா ஒன்று, கல் ஒன்று, தண்ணீர் ஒன்று. அப்படியானால் கைதான் வேறு. இது ஆணின் கை அல்ல.

சந்தேகம் என்பது விதை. மலைநாட்டு மண்ணில் எதைப் போட்டாலும் முளைக்கும். ஒருநாள் ஞாயிற்றுச் சந்தையில் நீங்கள் ரோசாப்பூ நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கினீர்கள்.

"ஆருக்கு அண்ணை?"

"குளிருற ஒராளுக்கு."

அந்தத் தொப்பியை நீங்கள் ஒருநாளும் போட்டு நான் காணவில்லை. சனிக்கிழமை பின்னேரமானால் எட்டு மணிக்கு முன்னரே உங்கள் கதவு சாத்தியிருக்கும். காதைப் பலகையில் வைத்தால், "சரி, சரி, இனி அசையக்கூடாது" என்று நீங்கள் யாருக்கோ சொல்வது கேட்கும். ஏன் பலகையில் காதை வைத்தாய் என்று கேட்காதீர்கள். பலகைச் சுவர் வேறு எதற்கு?

ஒரு ஞாயிறு காலை முகம் கழுவ வந்தவன் உங்கள் யன்னல் கண்ணாடியில் பனியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். உங்கள் கைக்குள்ளே, இந்தக் கம்பளிக்குள்ளே, உருண்டையாக ஓர் உருவம். தலையணையில் ரோசாப்பூத் தொப்பி.

அந்த நேரம் அரியாலையில் உங்களுக்குக் கலியாணம் பேசி முடியும் தறுவாயில் இருந்தது. பெண் ரீச்சர், தகப்பன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்தப் பிள்ளையின் படத்தை நீங்கள் எனக்குக் காட்டியிருந்தீர்கள். மூன்று தரம் காட்டினீர்கள். முதல் இரண்டு தரம் காட்டியது உங்களுக்கு ஞாபகம் இல்லை, அவ்வளவு சந்தோசம், புளுகம்.

நான் மொட்டைக் கடதாசி எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று பதினேழு வருடமாக எனக்கு நானே விதம்விதமான பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணின் வாழ்வு என்று தொடங்குவேன். அது பொய். பக்கத்து அறையில் ஓர் இரகசியம் இருக்கிறது, அது எனக்குச் சொல்லப்படவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையெழுத்துத் தெரியாமலிருக்க இடக்கையால் எழுதினேன். "உமது வருங்கால மருமகன் இங்கே ஒருத்தியை வைத்திருக்கிறார், சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். இப்படிக்கு, உங்கள் நன்மை விரும்பி." இவ்வளவு கெட்டித்தனமாக எழுதியவன், கந்தோருக்கு முன்னால் இருந்த பெட்டியிலேயே போட்டான். உறையில் தபால் முத்திரை தெளிவாக நுவரெலியா என்று விழுந்திருக்கும். ஊரைவிட்டு ஓடுகிற கள்வன் விலாசத்தை விட்டுப்போன மாதிரி.

கடதாசி போட்டு மூன்றாவது ஞாயிறு விடிய என் கதவு தட்டப்பட்டது. வேட்டிக்கு மேல் கோட்டு, கையில் குடை, தலையைச் சுற்றி மப்ளர். வெளியே தெரிந்தது ஒரு மூக்கு மட்டும். அதுவும் சிவந்திருந்தது.

"தம்பியின்ரை பேர்?"

"தில்லையம்பலம்."

"எந்த ஊர்?"

"சுன்னாகம்."

"சுன்னாகத்திலை எங்கை?"

மூன்றாவது கேள்வியிலேயே எனக்கு ஆள் விளங்கிவிட்டது. நாலாவது கேள்விக்குப் பதிலாக அவர் கோட்டுப் பைக்குள்ளிருந்து என் கடதாசியை எடுத்து நீட்டினார். அதை முதற்தரம் காண்பவன்போல வாசித்தேன். ஓரிடத்தில் எழுத்துப்பிழை, திருத்தக் கை துடித்தது.

"ஆர் எழுதியிருப்பினம் தம்பி?"

"ஆரோ எரிச்சல் பிடிச்சதுகள் ஐயா."

"எழுதினவன் கிடக்கட்டும். விசயம் உள்ளதோ?"

அந்த இடத்தில் நான் "இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் திரும்பிப் போயிருப்பார். உங்கள் கலியாணம் என் நாக்கு நுனியில் நின்றது. நான் சொன்னது என்ன தெரியுமா?

"எனக்குத் தெரியாது ஐயா. நான் ஆரின்ரை விசயத்திலையும் தலையிடுறேல்லை."

அவர் அடுத்த கதவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். உள்ளே ஒருத்தி இருந்தால் நீங்கள் அழிந்தீர்கள். இல்லாவிட்டால் நான் அழிந்தேன். எதை விரும்பினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

கதவு சாத்தியிருந்ததே தவிரப் பூட்டவில்லை. நீங்கள் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தீர்கள். கட்டிலில் உருவம், தலையணையில் தொப்பி. தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார்.

"பிள்ளை, எழும்பு."

உருவம் எழும்பவில்லை.

"வெக்கப்படாமல் எழும்பு பிள்ளை. நான் ஒண்டும் செய்யமாட்டன்."

பிறகு குடையின் வளைந்த பிடியைக் கம்பளியில் கொழுவி இழுத்தார். உங்கள் பனியன் உடுத்த ஒரு பெரிய மண்முட்டி. வாயை மூடியிருந்தது ரோசாப்பூத் தொப்பி. அதைத் தள்ளிக்கொண்டு வெள்ளை வெளேரென்று மா பொங்கிக் கம்பளியில் வழிந்திருந்தது. சத்தம் கேட்டுக் கேத்திலோடு ஓடிவந்தீர்கள். மாமனாராக வரப்போகிறவரை முதன்முதலாகக் கண்ட மாப்பிள்ளை சொன்னது இதுதான்:

"ஐயா, ஆட்டாதேங்கோ! பொங்கினது இறங்கிப்போம்!"

அவர் தொப்பியை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். ஒரு விரலை விட்டு முகர்ந்து பார்த்தார்.

"கள்ளு விட்டதோ?"

"இஞ்சை கள்ளுக்கு எங்கை ஐயா போறது? சூடுதான்."

"அப்ப விடியும்வரை இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டோ கிடந்தனீர்?"

"வேறை வழியில்லை ஐயா. இந்தக் குளிருக்கை ஒண்டும் தன்பாட்டிலை புளிக்காது. ஆரும் பக்கத்திலை படுக்கவேணும்."

அவர் கதிரையில் அமர்ந்து எட்டுத் தோசை சாப்பிட்டார். வெந்தயம் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். கை கழுவும்போது, யாருக்கும் சொல்லாமல் சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஒரு மாமுட்டி குளிருமெண்டு பாக்கிறவன், என்ரை பிள்ளையை விறைக்க விடமாட்டான்."

அத்தோடு கலியாணம் பேசி முற்றாகி, நிச்சயமாகிவிட்டது. என் புதுச் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

அவரைக் கோச்சி ஏற்றப் போனவன் நான். மேடையில் வைத்து, உங்கள் தாய்மாமன் விலாசத்தைக் குறித்துத் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். எழுத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"தம்பிக்கு வலக்கைப் பழக்கமோ?"

"ஓம் ஐயா."

"ம்."

அந்த "ம்" இன்னும் என் காதில் இருக்கிறது. கடதாசி அவர் கோட்டுப் பைக்குள்ளே போனது. அதன் பிறகு அது எங்கே போனது, யார் கையில் போனது?

அன்று பின்னேரம் உங்களிடம் கேட்டேன், "உந்த முட்டி விசயத்தை ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னால் சுன்னாகத்துச் சந்தையிலை வெங்காயத்தோடை சேத்து விப்பீர்."

பிறகு, கள்வன் பொலிசிடம் வழி கேட்பதுபோல, இதையும் கேட்டேன்: "மொட்டைக் கடதாசி ஆர் போட்டிருப்பினம் அண்ணை?"

நீங்கள் கல்லிலிருந்த கடைசித் தோசையைப் புரட்டிக்கொண்டே சொன்னீர்கள்: "ஆரெண்டாலென்ன. அவராலைதான் அலுவல் கெதியா முடிஞ்சது. அவருக்கு ஒரு தோசை குடுக்கவேணும்." சொல்லிவிட்டு அந்தத் தோசையை என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அடுப்புப் புகையில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கும் ஒரு முட்டி வாங்கி வந்து தந்தீர்கள். அணைத்துக்கொண்டு படுத்தேன். விடிய மா பொங்கியிருந்தது. அதன் பிறகு அந்த ஊர்க் குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை. வேட்டி காயாவிட்டால் காயாது, எண்ணெய் உறைந்தால் அடுப்போரம் வைத்தால் இளகும். எண்ணெய்க் கடைக்காரரிடம் போய் மன்னிப்புக்கூடக் கேட்டேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை.

லீவில் ஊருக்குப் போய்க் கலியாண அழைப்பிதழ் அனுப்பினீர்கள். உறையில் என் விலாசம் கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. கலியாண வீட்டில் கேட்டபோது, "சின்னனுகள் ஆரும் எழுதியிருக்குங்கள் தம்பி" என்றீர்கள். உங்கள் வீட்டில் அப்போது எழுதத் தெரிந்த சின்னனுகள் யாரும் இருக்கவில்லை, விசாரித்தேன். பின்னர் நாங்கள் இருவரும் ஊருக்கு மாறிவந்த பிறகு, நான் உங்கள் அரியாலை வீட்டுக்கு வந்து புறப்படும் ஒவ்வொரு முறையும் வாசல் படலையடியில் நின்று, "எழுதும் தம்பி, எழுதும்" என்பீர்கள். நான் பத்திரிகைக்குப் பகிடிக் கட்டுரை எழுதுவதைத்தான் சொன்னீர்களா? அரியாலைக்கும் சுன்னாகத்துக்கும் நடுவில் கடிதம் எதற்கு?

அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து நான் எழும்பும்போது உங்கள் மனுசி, அக்கா, இந்தக் கம்பளியைக் கொண்டுவந்தா.

"தம்பி, இதை உம்மட்டைக் குடுக்கச் சொன்னவர். ஏனெண்டு தில்லைக்குத் தெரியும் எண்டும் சொன்னவர். ஏனாம்?"

"குளிருக்குத்தான் அக்கா."

சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்த வெயில். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. அவ தலைமையாசிரியரின் மகள் அல்லவா? "ம்" என்றா.

அண்ணை, கம்பளியை மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். பொத்தி வைத்தது பொங்காமல் விடாது என்பதை உங்கள் கட்டிலடியில் நின்று கண்ணால் கண்டவன் நான். என்னுடையது பொங்கப் பதினேழு வருடம் எடுத்திருக்கிறது. இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அக்கா ஞாயிற்றுப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பவ என்பது எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு என்ன சொல்லுவா என்பது தெரியாது. அடுத்த முறை போகும்போது படலை திறக்குமோ, அதுவும் தெரியாது.

உங்களைப் பற்றி நான் எழுதிய முதற் கடதாசி இடக்கையால் எழுதியது. இதை வலக்கையால் எழுதியிருக்கிறேன். கீழே பெயரும் போடுகிறேன்.

தில்லையம்பலம்,
சுன்னாகம்.