ஊசி நகரவில்லை

இதை யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். என் அம்மாவிடம் காட்டவே காட்டாதீர்கள். அவள் இந்த நிலையத்தில் சமையல் பார்க்கிறாள், நாளைக்கும் இவர்களுக்குத்தான் சோறு போட வேண்டும்.

மன்னார் சரிவு, கடலடி நிலையம்
ஓஸ் பட்டறைப் பதிவு: பிரிஸ்கில்லா, பத்தாம் வகுப்பு

வியாழன், 17:40

வகுப்பு முடிந்து பட்டறைக்கு வந்தேன். சிலிண்டரிலிருந்து அழுத்தமானிக்குக் காற்று கொண்டுபோகும் உயர் அழுத்த ஓஸ் குழாய் இரண்டு மாட்டினேன், நிலையத்து டைவர்கள் இருவருக்கும்: ஒன்று லொரேட்டா அக்காவுக்கு, ஒன்று ததேயு அண்ணனுக்கு. இரண்டிலும் மீதிக் காற்றைக் காட்டும் அழுத்தமானியின் கழுத்தில் இருக்கும் பொடி ரப்பர் வளையங்களை மாற்றி, கிரீஸ் தடவினேன். மானியின் கண்ணாடியை அப்பால் திருப்பிப் பிடித்து சிலிண்டர் வால்வைத் திறந்தேன். ஊசி இருநூறில் நின்றது. தண்ணீரில் முக்கினேன், குமிழி இல்லை. காற்றை வெளியே விட்டதும் ஊசி பூஜ்ஜியத்துக்கு இறங்கியது. தேர்ச்சி.

வெள்ளி, 16:10

லொரேட்டா அக்கா வெளியே கடல் பள்ளத்தில் பம்பு கேபிளைச் சரிசெய்கிறார். ரேடியோ என் பொறுப்பு.

“ஏட்டி பிரிசி, தண்ணி ஐஸ் மாதிரி கெடக்கு. ஆனா பாரு, ஊசி நூத்தெழுவதுலயே நிக்கி. உங்க அண்ணன்ட்ட சொல்லு, அவர மாதிரி நான் காத்தக் குடிச்சுத் தீக்கிறவ இல்லன்னு.”

ததேயு அண்ணன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து: “நீ வாயத் தொறந்தாலே பாதி காத்து போயிருமே. எப்படி மிஞ்சுது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

16:35

“இன்னும் நூத்தெழுவதுதான். நான் மீனாப் பொறந்திருக்கணும்.”

மூச்சு விட்டால் ஊசி இறங்க வேண்டும். அது எனக்குத் தெரியும். மைக் பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்திச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அழுத்தவில்லை.

16:41

“காத்து வரல. பிரிசி, காத்து வரலட்டி—”

அதன் பிறகு இரைச்சல் மட்டும்.

வெள்ளி, 19:20

ததேயு அண்ணன் பழைய டைவிங் செட் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கி அக்காவை இழுத்து வந்தார். உயிர் இருக்கிறது. கண் திறக்கவில்லை.

அக்காவின் மானியைப் பட்டறை மேசையில் வைத்துச் சோதித்தார்கள். ஊசி ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. நிலையத் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: “மானி நல்லாத்தான் இருக்கு. ஊசியப் பாக்காம கதை பேசிட்டு இருந்திருக்கா. கண்ணு முழிச்சாலும் இனி அவளுக்கு டைவிங் கெடையாது.”

அம்மா அழுதாள். நான் தட்டுகளைக் கழுவினேன்.

வெள்ளி, இரவு

வியாழக்கிழமை கிரீஸ் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். டியூபில் கிரீஸ் தீர்ந்திருந்தது. போன வாரமே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். கேட்டால் திட்டுவார்கள். என் தலையணைக்குள் ஒரு சின்னப் புட்டி தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன். காற்று வடிகட்டி கெட்டுவிடும் என்று நிலையத்தில் தலைக்கு எண்ணெய் வைக்கத் தடை. ஆனால் எண்ணெய் இல்லாமல் என் முடி தேங்காய் நார் மாதிரி நிற்கும், வகுப்பில் சிரிப்பார்கள். அதற்காக ஒளித்துக் கொண்டுவந்தது. வளையங்களுக்கு அதைத்தான் தடவினேன். வழுவழுவென்று உடனே உட்கார்ந்தன. கொஞ்சம் வழிந்து உள்ளேயும் போனது. துடைக்கவில்லை.

பட்டறை வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே அது எண்ணெய்தான்.

சாப்பிட்ட பிறகு புட்டியைப் படுக்கைக்குப் பின்னால், கடலை ஒட்டிய இரும்புச் சுவரோரம் ஒளித்து வைத்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மானிக்குக் காற்று போகும் துளை குண்டூசி முனை அளவுதான். அதில் இது உறைந்துவிட்டால் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அக்கா ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சற்றுப் பின்

ஒலிபெருக்கியில் ததேயு அண்ணன்: “பம்பு காலைவரைக்கும் தாங்காது. மிச்ச வேலைய நான் முடிக்கேன். இப்பவே எறங்குறேன்.”

அவருடைய ஓஸ் என் மடியில் இருக்கிறது. பட்டறையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். இது கிடைக்காவிட்டால் வேறு மாட்டிக்கொள்வார், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அக்காவின் ஓஸ் அங்கேயே தொங்குகிறது. தேர்ச்சி என்று சீட்டு ஒட்டி. என் கையெழுத்தில்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

கதவு ஸ்பீக்கரில் அண்ணன்: “ஏ பிள்ள, முழிச்சிருக்கியா? என் ஓஸ் எங்கட்டி? சரி விடு, லொரேட்டாவோடத மாட்டிக்கிடுதேன். நீ ஒறங்கு.”

காலடிச் சத்தம் விலகுகிறது. ‘யாரிடமும் காட்டாதீர்கள்’ என்ற முதல் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அண்ணா, நில்லுங்கள், இதைப் படித்துவிட்டு என்னை